வெள்ளை அரிசி பொறுக்கியவர்கள்

2013 மே 14, செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது பத்துக்கு, கோஸ்டா ரிக்காவின் தென்பகுதியில் உள்ள லா ஹிகேரா உயர்நிலைப் பள்ளியின் உயிரியல் அறையில், 1.8 கிலோ அரிசிப் பை ஒன்று வெட்டித் திறக்கப்பட்டது.

வெட்டியவர் உயிரியல் ஆசிரியை நுரியா பராந்தெஸ். வயது இருபத்தொன்பது. பத்தாம் வகுப்பில் இருபத்தேழு பேர் இருந்தார்கள். அரிசிக்கு முன்பே கரும்பலகையில் ஒரு பட்டியல் ஏறியிருந்தது. குழந்தைகள் சில நேரம் குறையோடு பிறப்பது எதனால் என்று வீட்டில் கேட்டு வாருங்கள் என்று முந்தின வாரம் சொல்லியிருந்தார். மாணவர்கள் கேட்டு வந்திருந்தார்கள். கிரகணத்தைப் பார்த்தால் உதடு பிளந்து பிறக்கும். ஆசைப்பட்ட பண்டத்தைத் தின்னாமல் விட்டால் அதே வடிவத்தில் மச்சம் விழும். பிணம் கிடத்தியிருக்கும் வீட்டுக்குப் போனால் குழந்தை சோகை பிடித்துப் பிறக்கும். முள்கம்பி வேலிக்கு அடியில் குனிந்து நுழைந்தால் கொடி சுற்றிக்கொள்ளும்.

"டீச்சர், எங்க அம்மா வேற ஒண்ணு சொன்னாங்க," என்றான் ஹெய்னர். பந்து விளையாட்டில் கெட்டிக்காரன், வாயிலும்தான். "அப்பனைப் பார்த்து ஆத்தா மூஞ்சி சுளிச்சா, அந்தச் சுளிச்ச மூஞ்சியோடயே பிள்ளை பொறக்குமாம்."

"அதான் உன் கதையா?" என்றது பின்வரிசை.

நுரியா சிரிக்க விட்டார். பிறகு பட்டியலை அழிக்காமல் அதன் பக்கத்திலேயே இன்னொன்றை எழுதினார். மரபணுக்கள். கர்ப்ப காலத்தில் தாக்கும் சில கிருமிகள். சாராயம், சில மருந்துகள், தோட்டங்களில் தெளிக்கும் சில நஞ்சுகள். தாயின் சர்க்கரை நோய். உணவில் சில சத்துகளின் குறை. கடைசியாக, காரணம் தெரியாதவை. "இந்தக் கடைசி வரிதான் பெரிசு," என்றார். "பாதிக்கு மேல இதுலதான் வரும். யாராவது வந்து எல்லாத்துக்கும் காரணம் தெரியும்னு சொன்னா, அவங்க மருந்து விக்க வந்திருக்காங்கன்னு அர்த்தம்."

பிறகு 'உணவில் சத்துக் குறை' என்பதற்குக் கீழே கோடு போட்டார். கருவின் முதுகுத்தண்டாக மாறப்போகும் குழாய் நான்கு வாரத்துக்குள் மூடிக்கொள்கிறது. பெரும்பாலான பெண்களுக்கு அப்போது கர்ப்பம் என்பதே தெரியாது. அந்த நாட்களில் ஃபோலிக் அமிலம் உடம்பில் போதாமல் இருந்தால் குழாய் மூடாமல் போகும் வாய்ப்பு கூடுகிறது. இதைப் படம் வரைந்து சொன்னார். அதனால்தான் இந்த நாட்டில் மாவிலும் பாலிலும் அரிசியிலும் அதைக் கலக்கச் சட்டம் போட்டார்கள், அதன் பிறகு இப்படிப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை பாதிக்கு மேல் குறைந்தது என்றார். எல்லாவற்றையும் எழுதிவிட்டு, பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு சொல்: தடுக்கக்கூடியது.

மூன்றாம் வரிசையில் யெர்லின் உரேன்யா அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். பதினாறு வயது. அவளுடைய தம்பி இசாயஸ் ஐந்து வருடம் முன்பு முதுகு மூடாமல் பிறந்தவன். பிறந்த இரண்டாம் நாள் தலைநகரில் அறுவை சிகிச்சை நடந்தது. தலையில் சேரும் நீரை வயிற்றுக்கு இறக்க உள்ளே ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். இரும்புப் பட்டை கட்டிய கால்களோடு வேகமாகவே நடக்கிறான். அவர்களுடைய அம்மா ஓடிலி பள்ளி உணவகத்தின் தலைமைச் சமையல்காரி. பள்ளியில் எல்லோருக்கும் இசாயஸைத் தெரியும். நுரியா இதை மறந்தவரில்லை. பாடத்துக்கு முந்தின நாள் யெர்லினைத் தனியாக அழைத்து, வேண்டுமானால் நூலகத்தில் இரு என்று சொல்லியிருந்தார். "எதுக்கு டீச்சர்? நானும் தெரிஞ்சுக்கணும்," என்றிருந்தாள் அவள்.

அரிசியை நான்கு மேசைகளில் கொட்டினார்கள். அரிசிக்குள் அரிசி போலவே செய்த மணிகள் ஒளிந்திருக்கின்றன, சத்து அதில்தான் இருக்கிறது, நூறு இருநூறு மணிக்கு ஒன்று, கண்டுபிடியுங்கள் என்றார் நுரியா. ஆளுக்கொரு லென்ஸ் கொடுக்கும் முன்பே யெர்லின் பதினொன்றைத் தனியே தள்ளியிருந்தாள். விரல் நுனி அரிசி மேல் ஓடியது, நின்றது, தள்ளியது, மறுபடி ஓடியது.

"எப்படி இவ்வளவு சீக்கிரம்?"

"இது சொத்தை அரிசி டீச்சர். பளபளப்பே இருக்காது, சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா இருக்கும். வீட்டுல தினம் பொறுக்குறதுதானே. அம்மா இதைக் கோழிக்குப் போட்டுருவாங்க."

நுரியா லென்ஸ் வழியே பார்த்தார். வயலில் விளைந்த அரிசிக்கு ஒரு முனையில், முளை இருந்த இடத்தில் சின்னக் குழி இருக்கும். இந்தப் பதினொன்றுக்கும் அது இல்லை. இயந்திரத்தில் வார்த்தவை.

"இது சொத்தை இல்ல," என்றார். "நாம தேடினது இதைத்தான்."

"அப்போ இந்த ஊர்லயே முதுகெலும்பு கெட்டியா இருக்கிறது உங்க வீட்டுக் கோழிக்குத்தான்!" என்றான் ஹெய்னர்.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கடைசியாக நிறுத்தியவன் ஹெய்னர். அவன் முகம் கழுத்துவரை சிவந்தது. "நான் அந்த அர்த்தத்துல சொல்லல," என்றான், யாரும் கேட்காமலே. யெர்லின் அந்தப் பதினொரு மணிகளையும் உள்ளங்கையில் எடுத்து மறுபடி குவியலில் போட்டாள்.

மணி அடித்து எல்லோரும் போன பிறகும் அவள் உட்கார்ந்திருந்தாள். நுரியா கதவைச் சாத்திவிட்டு எதிரே வந்து அமர்ந்தார்.

"ஹெய்னர் முட்டாள்தனமா பேசிட்டான். அவனை நான் பார்த்துக்கறேன்."

"அவனை விடுங்க டீச்சர். அவன் சரியாத்தான் சொன்னான்." யெர்லின் கரும்பலகையைப் பார்த்தாள். "இசாயஸ் வயித்துல இருந்தப்போ எனக்குப் பத்து வயசு. அம்மா காலையில வேலைக்குப் போயிடுவாங்க. அரிசி பொறுக்கி வைக்கிறது என் வேலை. நான்தான் பொறுக்கினேன். அம்மா இல்ல."

நுரியா நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"சொல்லுங்க டீச்சர். நான்தானே?"

"எனக்குத் தெரியாது," என்றார் நுரியா. "யாருக்கும் தெரியாது. ஆனா இல்லவே இல்லைன்னு சொல்லி உன்னை அனுப்ப மாட்டேன். அது பொய். இன்னிக்கு நிம்மதியா போவ, நாளைக்கு நீயே ஏதாவது புத்தகத்தைப் புரட்டிட்டு என்கிட்ட வருவ."

"அப்போ ஆமான்னுதான் அர்த்தம்."

"அதுவும் இல்ல. சத்து எல்லாம் சரியா கிடைச்ச அம்மாவுக்கும் இப்படிப் பிறந்திருக்கு. எதுவுமே கிடைக்காத பத்துப் பேருக்கு ஒண்ணும் ஆகாம பிறந்திருக்கு. வாய்ப்பு கூடும், குறையும். அவ்வளவுதான் அறிவியலுக்குச் சொல்லத் தெரியும். ஒரு ஊர் முழுசுக்கும் சொல்லத் தெரியும். ஒரு வீட்டுக்குள்ள வந்து, இவன் இதனாலதான்னு விரல் நீட்டத் தெரியாது."

"அம்மாகிட்ட சொல்லாதீங்க."

"யெர்லின், உங்க அம்மா தினமும் முன்னூறு பேருக்கு அரிசி வடிக்கிறாங்க. அதுல பாதிக்கு மேல பொண்ணுங்க. அந்த அரிசியையும் பொறுக்கித்தானே வடிக்கிறாங்க?"

அவள் தலையாட்டினாள்.

"ரெண்டு வாரம் தரேன். அதுக்குள்ள நீ சொல்லு. இல்லேன்னா நான் சமையலறைக்குப் போய் அரிசி விஷயத்தை மட்டும் சொல்லுவேன். நீ பொறுக்கினதை நான் சொல்ல மாட்டேன், ஆனா உங்க அம்மாவுக்குக் கணக்குப் போடத் தெரியாதா?"

அன்று வீட்டுக்குப் போகும் முன் நுரியா கரும்பலகையில் எழுதிய பெரிய சொல்லை அழித்தார். அடுத்த வகுப்பில் அந்த இடத்தில் 'வாய்ப்பைக் குறைக்கலாம்' என்று எழுதி, முந்தின சொல்லை நோட்டிலும் அடிக்கச் சொன்னார். தான் அவசரப்பட்டுவிட்டதாகவும், அது ஊருக்கு ஒரு அர்த்தமும் ஒரு வீட்டுக்கு வேறு அர்த்தமும் தரும் சொல் என்றும் சொன்னார். இருபத்தாறு பேர் அடித்தார்கள். யெர்லின் கையை உயர்த்தினாள்.

"டீச்சர், எத்தனை வீட்டுல இப்படிப் பொறுக்குறாங்க?"

"தெரியல."

"கேட்டுப் பார்க்கலாமா?"

ஜூலையில் அறிவியல் கண்காட்சி வருவதாக இருந்தது. வகுப்பு இன்னும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. அந்த வாரமே தேர்ந்தெடுத்தது.

முறையை வகுத்தது யெர்லின்தான். பொறுக்குவீர்களா என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள், எதைப் பொறுக்குகிறார்கள் என்று தெரியாது. அதனால் ஒரே பையிலிருந்து ஒரு கோப்பை அரிசியை எடுத்துப்போய் மேசையில் கொட்டி, உலையில் போடும் அளவுக்குத் தயார் பண்ணித் தாருங்கள் என்று சொல்ல வேண்டும். தள்ளியதை ஒரு உறையில் போட்டு எடுத்துவர வேண்டும். இரண்டு சனிக்கிழமைகள், மூன்று மூன்று பேராகக் குழுக்கள், ஐம்பத்திரண்டு வீடுகள். ஹெய்னர் யாரும் கேட்காமல் தூரத்து மலைச்சரிவு வீடுகளை எடுத்துக்கொண்டான். ஒரு வீட்டில் நாய் அவன் கால்சட்டையைக் கிழித்தது. இன்னொரு வீட்டில் வீட்டுக்காரி அரிசியைப் பொறுக்கியதோடு நிற்காமல் வடித்து, அவரைக் குழம்பும் ஊற்றி, தின்றுவிட்டுப் போ என்று உட்கார வைத்துவிட்டாள்.

"அந்த வீட்டு அரிசி என் வயித்துல இருக்கு டீச்சர். எப்படிப் பதிவு பண்ணட்டும்?"

"தள்ளின அரிசி எங்க?"

"அது உறையில இருக்கு."

"அப்போ வாயை மூடிட்டு எண்ணு."

மே 28 அன்று கணக்கு முடிந்தது. ஐம்பத்திரண்டில் முப்பத்தெட்டு வீடுகள் வார்த்த மணிகளைச் சொத்தை என்று தள்ளியிருந்தன. அரிசிப் பையில் அதைப் பற்றிய வரி ஒன்று இருந்தது. பின்பக்கம், மடிப்புக்குள், எறும்பளவு எழுத்தில். வெள்ளை மணி என்ன என்று படமோ சொல்லோ எங்கும் இல்லை. யெர்லின் இன்னொரு கேள்வியையும் சேர்த்திருந்தாள், வீட்டில் சட்டம் வந்த பிறகு பிறந்த குழந்தைகள் எத்தனை பேர், எப்படி இருக்கிறார்கள் என்று. பொறுக்கும் முப்பத்தெட்டு வீடுகளில் எழுபத்தொரு குழந்தைகள். பொறுக்காத பதினான்கு வீடுகளில் இருபத்தைந்து. முதுகு மூடாமல் பிறந்தது மொத்தத்தில் ஒன்று.

"அந்த ஒண்ணு எங்க வீடு," என்றாள்.

"ஆமா," என்றார் நுரியா. "மீதி எழுபது?"

"நல்லா இருக்காங்க."

"அந்த எழுபது பேரோட அம்மாவும் அக்காவும் என்ன பண்ணாங்க?"

யெர்லின் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னை மாதிரிதான். பொறுக்கினாங்க."

"இந்தத் தொண்ணூத்தாறு குழந்தையை வெச்சு எதையும் நிரூபிக்க முடியாது. ஆயிரக்கணக்குல வேணும். பொறுக்கினா தப்பில்லைன்னும் இதுல வராது. ஆனா பொறுக்கினா கண்டிப்பா இப்படி ஆகும்ங்கிறது பொய்னு இந்தத் தாளே சொல்லுது. நான் சொல்லல. நீ எண்ணினது."

அவள் அந்தத் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தாள். "நாளைக்கு அம்மாகிட்ட சொல்றேன். நீங்களும் வாங்க. அம்மா உங்களைத்தான் கேள்வி கேப்பாங்க."

மறுநாள் காலை ஏழரைக்குச் சமையலறையில் அவரைக் குழம்புப் பானை கொதித்துக்கொண்டிருந்தது. ஓடிலி நீளமான மேசையில் அரிசியைப் பரப்பி நின்றிருந்தார். முப்பத்தாறு வயது, அகலமான தோள், தலையில் வலை. மகளையும் ஆசிரியையையும் ஒன்றாகப் பார்த்ததும் வேலையை நிறுத்தினார்.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"வயித்துல புள்ளையா?"

"அய்யோ, இல்லம்மா!"

"அப்போ எதுவா இருந்தாலும் வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொல்லு. ஒம்பதரைக்கு மணி அடிச்சிரும்."

யெர்லின் வெங்காயத்தைத் தொடவில்லை. நின்றபடியே சொன்னாள். வெள்ளை மணி என்ன, அதில் என்ன இருக்கிறது, அது எந்த நாட்களுக்கு வேண்டும், அந்த நாட்களில் அரிசி பொறுக்கியது யார். கடைசி வாக்கியத்தில் குரல் உடைந்தது, ஆனால் முடித்துவிட்டாள். ஓடிலி அடுப்பைச் சிறிதாக்கினார். எண்ணெய் டின் மேல் உட்கார்ந்தார்.

"நிஜமா டீச்சர்?"

"அரிசி விஷயம் நிஜம் ஓடிலி அக்கா. இசாயஸுக்கு அதனாலதான் ஆச்சான்னு யாராலும் சொல்ல முடியாது."

"இன்னொரு பிள்ளை வேணும்னா மூணு மாசம் முன்னாடியே வந்து மாத்திரை வாங்கிக்கணும்னு சுகாதார நிலையத்துல சொன்னாங்க. அரிசியைப் பத்தி ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல." மேசையில் கிடந்த குவியலைப் பார்த்தார். ஓரத்தில் வெள்ளை மணிகள் ஒரு கைப்பிடி சேர்ந்திருந்தன. பிறகு மகள் பக்கம் திரும்பினார். "நீ பொறுக்கினியா? டீச்சர், இவ பத்து வயசுல பொறுக்கின லட்சணத்தைக் கேளுங்க. கண்ணு முழுக்க டிவியில. கல்லைத் தள்ளாம அரிசியைத் தள்ளுவா. அதைத் தின்னுதான் இவ அப்பாவுக்குக் கடைவாய்ப் பல்லு போச்சு."

"அம்மா, விளையாடாத."

"விளையாடல. நீ பொறுக்கி வெச்சதை நான் ஒரு நாளும் அப்படியே போட்டதில்ல. வேலையில இருந்து வந்து மறுபடி ஒரு தடவை பொறுக்குவேன். நீ தூங்கியிருப்ப. பொறுக்கினது நான். எனக்கு அப்போ முப்பது, உனக்குப் பத்து. யாரு பெரியவ?"

யெர்லின் அழ ஆரம்பித்தாள். ஓடிலி எழுந்து வந்தார், ஆனால் கையால் அணைக்கவில்லை. கை முழுக்க அரிசி மாவு. முழங்கையால் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"உங்க அத்தை பிளாங்கா அஞ்சு வருஷமா என்ன சொல்றா? மாங்காய்க்கு ஆசை வந்தும் தின்னாம விட்டேனாம். சாவு வீட்டுக்குப் போனேனாம். ஒவ்வொரு பண்டிகைக்கும் புதுசா ஒண்ணு கொண்டு வருவா. அதை வெச்சு நான் என்ன பண்ண முடியும்? ஒரு மயிரும் பண்ண முடியாது. மன்னிச்சுக்கங்க டீச்சர். நீ கொண்டு வந்திருக்கிறது வலிக்குது. ஆனா இதை வெச்சு நாளைக்கு ஒரு வேலை பண்ணலாம்."

குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். தேவைப்பட்டதைவிட நேரம் எடுத்துக்கொண்டார். திரும்பி வந்தபோது முகமும் நனைந்திருந்தது. கேள்விகள் தயாராக இருந்தன.

"நிஜமான சொத்தையும் வெள்ளையாத்தான் இருக்கும். எப்படிப் பிரிக்கிறது?"

நுரியா லென்ஸைக் கொடுத்து முனைக்குழியைக் காட்டினார்.

"முன்னூறு பேர் அரிசிக்கு நான் கண்ணாடி போட்டுக்கிட்டு குழி பார்க்கவா? சொத்தை ரெண்டு வயித்துக்குள்ள போனா யாராவது சாவாங்களா?"

"மாட்டாங்க."

"அப்போ கல்லும் நெல்லும் மட்டும் எடுத்தா போதும். கழுவினா போயிருமா அந்தச் சத்து?"

"ரொம்ப நேரம் ஊற வெச்சு அந்தத் தண்ணியைக் கொட்டினா கொஞ்சம் போகலாம். மேலாக ஒரு தடவை அலசினா போதும்."

"நல்லது. வேலை பாதியாச்சு." ஓடிலி கைப்பிடி வெள்ளை மணிகளைப் பெரிய குவியலுக்குள் தள்ளிக் கலந்தார். இன்னும் கண்ணீர் துடைத்துக்கொண்டிருந்த மகளிடம் கத்தியை நீட்டினார். "இப்போவாவது உரி. அழுததுக்குக் காரணம் கேட்டா வெங்காயம்னு சொல்லலாம்."

கண்காட்சி ஜூலை 19, வெள்ளிக்கிழமை நடந்தது. 'சொத்தை அரிசி எது?' என்று தலைப்பு. மேசை மேல் நான்கு தட்டுகளில் அரிசி. வந்த பெற்றோரைப் பொறுக்கச் சொல்லி, பொறுக்கியபின் லென்ஸைக் கொடுத்தார்கள். மேசைக்குப் பின்னால் தலைவலையைக் கழற்றாமலே ஓடிலி நின்றார். பிளாங்கா வந்தபோது அவருக்கும் ஒரு தட்டு தரப்பட்டது. அவர் ஒன்பது மணிகளைத் தள்ளினார்.

நடுவர்களில் ஒருவர், பக்கத்து ஊரிலிருந்து வந்த வேதியியல் ஆசிரியர், அட்டவணையில் இருந்த அந்த ஒன்றைத் தொட்டுக் காட்டினார். "இந்தக் குழந்தை வீட்டுல பொறுக்கினதாலதான் இப்படிப் பிறந்ததுன்னு சொல்றீங்களா?"

"இல்ல சார்," என்றாள் யெர்லின். "அது என் தம்பி. எங்க வீட்டுல பொறுக்கினோம். நல்லா பிறந்த மீதி எழுபது குழந்தைங்க வீட்டுலயும் பொறுக்கினாங்க. இந்த எண்ணிக்கை சின்னது, அதை வெச்சு யார் மேலயும் எதையும் சொல்ல முடியாது. முப்பத்தெட்டு வீட்டுல காசு கொடுத்து வாங்கின சத்தைத் தூக்கிப் போடுறாங்க, ஏன்னா பையில சொல்லல. அதை மட்டும்தான் சொல்றோம்."

நடுவர் எழுதிக்கொண்டார். அடுத்த மேசைக்குப் போனார்.

மாதிரி அளவு போதாது என்ற குறிப்போடு திட்டத்துக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. மண்டலப் போட்டிக்கு முதலிடம் பெற்ற, மழைநீர் வடிகட்டும் திட்டம் சென்றது. பையின் முன்பக்கத்தில் வெள்ளை மணியின் படம் போடக் கேட்டு அரிசி ஆலைக்கு வகுப்பு அனுப்பிய கடிதத்துக்கு, கிடைக்கப்பெற்றோம் என்று செப்டம்பரில் இரண்டு வரி பதில் வந்தது. பை மாறவில்லை.

நவம்பரில், பள்ளி ஆண்டு முடியும் முன், யெர்லினும் ஹெய்னரும் அந்த முப்பத்தெட்டு வீடுகளுக்கும் மறுபடி ஒரு கோப்பை அரிசியோடு போனார்கள். இருபத்தொன்பது வீடுகள் வெள்ளை மணியைத் தள்ளவில்லை. ஒன்பது வீடுகள் தள்ளின.